கண்ணில் பூ விழுந்த குட்டிக்கு எந்த இலைச்சாறு?

‘பிறந்த ஒட்டகக் குட்டிக்குக் கண்ணில் சீழ் வைத்தால் இயற்கை வைத்தியம் என்ன?’ இந்தக் கேள்வியோடு இந்த வாரப் பகுதியைத் தொடங்கினால், திருவேங்கடத்தில் உட்கார்ந்து செல்போனில் படிக்கிறவர் சிரிக்கத்தான் செய்வார். சங்கரன்கோவில் பக்கம் ஒட்டகம் ஏது?

சரி, அந்தக் கேள்வியில் ‘ஒட்டகம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வெள்ளாடு’ என்று போட்டுப் பாருங்கள். இப்போது அது குருவிகுளத்திலும் கழுகுமலையிலும் வேம்பக்கோட்டையிலும் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி. பிறந்து நாலு நாள்தான் ஆகியிருக்கும். காலையில் குட்டியைத் தூக்கினால் ஒரு கண் ஒட்டிக் கிடக்கும். மறுநாள் அந்தக் கண்ணில் வெள்ளையாக ஒரு படலம். ‘பூ விழுந்துடுச்சு’ என்பார்கள். அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டில் இருந்து ஒருவர் ஓர் இலையைக் கசக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அந்த இலையைக் கண்ணில் பிழியலாமா, கூடாதா? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம். ஒட்டகமும் நடுவில் வரும்.

கன்னி ஆட்டின் கண்

தென்காசி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம்தான் ஞாபகம் வரும். ஆனால், அதே மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் திருவேங்கடம் வட்டாரம் கரிசல் காடு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, கிழக்கே வர வர ஈரம் இழந்து வெறும் காற்றாகிவிடும். அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றுதான் புழுதியையும் காய்ந்த புல்லின் முனைகளையும் ஆட்டின் கண்ணுக்குக் கொண்டுபோகிறது.

இந்தக் கரிசலின் சொந்த ஆடு, கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடி, விருதுநகர், பழைய நெல்லை மாவட்டங்களின் மானாவாரிப் பகுதிகளில் வளர்கிற இது, தேசிய அளவில் பதிவு பெற்ற வெள்ளாட்டு இனம். ஈற்றுக்கு இரண்டு குட்டி போடுவது இதில் சர்வசாதாரணம்.

நாலைந்து ஆடு வைத்திருக்கிற வீட்டில் அந்த இரண்டு குட்டிகள்தான் பள்ளிக்கூடம் திறக்கும்போது யூனிஃபார்ம், தீபாவளிக்குத் துணி, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு. எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்கு ஒரு கண்ணில் பூ விழுந்த ஆட்டைக் கொண்டுபோனால், வியாபாரி முதலில் பார்ப்பது அந்தக் கண்ணைத்தான். கறிக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் விலை இறங்கும். இரண்டு கண்ணும் போன குட்டிக்குத் தாயின் மடியைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மந்தையோடு மேயப் போக முடியாது. கண் நோயால் நேரடியாகச் சாகாத குட்டி, பசியால் மெலிந்து சாகும்.

நாலு நாளில் என்ன நடக்கிறது?

நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் கண்ணை மூடிக்கொண்டு பிறக்கும். ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் கண்ணைத் திறந்துகொண்டே பிறக்கும். பிறந்த நொடியில் இருந்தே அந்தக் கண்ணில் தரையின் ஈரம், சாணம், மூத்திரம், தூசு, ஈ எல்லாம் படத் தொடங்கிவிடும்.

முதலில் கண்ணில் நீர் வழியும். கன்னத்து முடி நனைந்து கோடு போட்டிருக்கும். வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, கண்ணை இடுக்கிக்கொள்ளும். பிறகு நீர் கெட்டியாகிப் பீளையாகும். இமை வீங்கும். வெள்ளை விழி சிவக்கும். அதற்குப் பிறகுதான் கருவிழியின் மேல் மங்கல் படியும். இதைத்தான் நாம் ‘பூ’ என்கிறோம். பல குட்டிகளுக்கு அந்த மங்கல் மெல்ல மெல்ல விலகிவிடும். சிலவற்றுக்குக் கருவிழியில் புண் ஆழமாகி ஓட்டை விழுந்து, கண்ணே போய்விடும்.

இதைச் செய்யும் கிருமிகள் ஒன்றிரண்டு அல்ல. கன்றுக்குட்டிகளில் முதல் குற்றவாளி மொராக்ஸெல்லா போவிஸ் என்ற பாக்டீரியா. ஆடுகளில் மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா, மொராக்ஸெல்லாவின் இன்னொரு வகை. இவற்றோடு எங்கும் இருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு கண்ணில் இருந்து இன்னொரு கண்ணுக்கு இவற்றைச் சுமந்து போகும் வாகனம், ஈ. அடுத்த வாகனம், நம் கை.

மூன்றாவதும் ஒன்று உண்டு. மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும்போது பிறந்த குட்டிகளைக் குடாப்பு போட்டு அடைத்துவைப்பது நம் பக்கத்து வழக்கம். நரியிடம் இருந்தும் நாயிடம் இருந்தும் குட்டியைக் காப்பாற்றும் அருமையான ஏற்பாடு அது. ஆனால், அந்த நெருக்கத்தில் பத்துக் குட்டிகள் முகத்தோடு முகம் உரசிக் கிடக்கும்போது, ஒரு குட்டியின் கண் நோய் ஒரே நாளில் எல்லாக் குட்டிக்கும் போய்விடலாம்.

எல்லாம் கிருமியும் இல்லை

கண்ணில் நீர் வடிந்தாலே கிருமி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, இமை உள்பக்கமாகச் சுருண்டிருக்கிறதா? பிறந்த ஆட்டுக்குட்டிகளில், முக்கியமாகச் செம்மறிக் குட்டிகளில் இது சகஜம். கீழ் இமை உள்ளே மடங்கி, இமை முடி கருவிழியை நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். இதற்கு எந்தச் சொட்டு மருந்து ஊற்றினாலும் முழுமையாகத் தீராது. சுத்தமான விரலால் இமையை மெதுவாக வெளியே இழுத்து விட்டாலே, ஆரம்பத்தில் பல குட்டிகளுக்குச் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப உள்ளே போனால் மருத்துவர் ஒரு சின்ன ஊசியிலோ தையலிலோ சரிசெய்துவிடுவார்.

இரண்டு, புல் முனை, முள், உமி ஏதாவது சிக்கியிருக்கிறதா? ஒரே கண்ணில் திடீரென்று நீர் கொட்டினால் முதல் சந்தேகம் இதுதான்.

மூன்று, கண் புழு. ஈ வழியாகப் பரவும் மெல்லிய வெள்ளைப் புழு, இமைக்கு அடியில் நெளியும். வளர்ந்த மாட்டில்தான் அதிகம். ஒட்டகத்துக்கென்று தனியாகவே ஒரு கண் புழு இருக்கிறது.

நான்கு, தொப்புள். கண்ணுக்கும் தொப்புளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பிறந்த குட்டியின் ஈரத் தொப்புள் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறினால், அது மூட்டுக்கும் போகும், கண்ணுக்குள்ளும் போகும். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் மங்கி, மூட்டு வீங்கி, குட்டி பால் குடிக்காமல் சோர்ந்து படுத்தால் அது கண் நோய் அல்ல. உடம்பு முழுக்கப் பரவிய நோய். இதற்கு வெளியே இருந்து எந்தச் சொட்டும் பலிக்காது. அன்றைக்கே ஊசி போட வேண்டும்.

இந்த நான்கில் எதற்குமே இலைச்சாறு மருந்தாகாது. இது தெரியாமல் இலையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது கையை விட்டுப் போவது நேரம்.

பிகானேரில் இருந்து ஒரு பாடம்

இப்போது ஒட்டகத்துக்கு வருவோம். ராஜஸ்தானின் பிகானேரில் மத்திய அரசின் ஒட்டக ஆராய்ச்சி மையம் 1984-ல் இருந்து இயங்குகிறது. அந்த மாநிலம் 2014-ல் ஒட்டகத்தை மாநில விலங்காகவே அறிவித்தது. ஆனாலும் எண்ணிக்கை சரிந்துகொண்டேதான் இருக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள், 2019 கணக்கெடுப்பில் சுமார் 2.5 லட்சம் ஆகிவிட்டன.

ஒட்டகத்துக்குச் சினைக்காலமே ஏறக்குறைய 13 மாதம். ஈற்றுக்கு ஒரே குட்டி. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு ஈற்று. கன்னி ஆடு அடுத்த ஈற்றில் ஈடுகட்டிவிடும். ஒட்டகம் வளர்க்கிற ராய்க்கா சமூகத்துக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு ஒரு குட்டியின் கண் என்பது இரண்டு வருட உழைப்பு.

மணலோடு வாழவே படைத்ததுபோல ஒட்டகத்துக்கு இரண்டு வரிசை இமை முடிகள். கண்ணைக் குறுக்கே துடைத்துவிடும் மூன்றாவது இமையும் உண்டு. அத்தனை பாதுகாப்பு இருந்தும் பிறந்த குட்டிக்குக் கண் நோய் வருகிறது. காரணம், நம் ஊர்க் குட்டிக்கும் அதற்கும் பொதுவான ஒரு குறை. ஆடு, மாடு, ஒட்டகம் இவற்றின் நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடம் இருந்து அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. ஆட்டுக்குட்டியும் ஒட்டகக் குட்டியும் கிட்டத்தட்ட வெறுங்கையோடு பிறக்கின்றன.

அந்தப் பங்கு அவற்றுக்கு வருகிற ஒரே வழி, சீம்பால்.

குடலின் கதவு இதற்காகத் திறந்திருப்பது பிறந்த முதல் 24 மணி நேரம்தான். அதிலும் முதல் சில மணி நேரம்தான் அகலமாகத் திறந்திருக்கும். பிறகு எவ்வளவு சீம்பால் குடித்தாலும் அது உணவாகுமே தவிர, ரத்தத்துக்குப் பாதுகாப்பாகப் போய்ச் சேராது. குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. ஒரே மூச்சில் இல்லை, நாலைந்து தடவையாக. முதல் தடவை, பிறந்த ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள்.

ஒட்டகம் வளர்க்கும் சில நாடோடிச் சமூகங்களில் சீம்பால் குட்டிக்கு ஆகாது என்று கறந்து கொட்டிவிடும் பழக்கம் இருந்திருக்கிறது. நம் ஊரில் சீம்பாலைக் கொட்டுவதில்லை. வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துச் சாப்பிட்டுவிடுகிறோம்! சாப்பிடுங்கள், ருசியானதுதான். கன்றும் குட்டியும் வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சுவதைச் சாப்பிடுங்கள்.

கிண்ணத்தில் செத்த கிருமி, கண்ணில் சாகுமா?

‘மஞ்சள் கிருமிநாசினி என்று அறிவியலே சொல்கிறதே, வேம்பும் துளசியும் தேனும் பாக்டீரியாவைக் கொல்லும் என்று ஆராய்ச்சி இருக்கிறதே?’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆய்வகத்தின் கண்ணாடிக் கிண்ணத்தில் பாக்டீரியாவை வளர்த்து, அதன் மேல் இவற்றின் சாற்றை வைத்தால் சுற்றியுள்ள கிருமிகள் செத்துப்போகும். அதில் பொய் இல்லை.

ஆனால், அந்தக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு வலிக்காது. வெந்நீரும் கிருமியைக் கொல்லும், ஆசிட்டும் கொல்லும். கண்ணுக்கான மருந்து இரண்டு பரீட்சையில் தேற வேண்டும். கிருமியைக் கொல்ல வேண்டும்; கருவிழியை விட்டுவைக்க வேண்டும். மனிதக் கண்ணின் கருவிழியே நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். குட்டியின் கண்ணும் அப்படியொரு மெல்லிய படலம்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. அதனாலேயே, ஒரு முறை வெந்து தழும்பாகிவிட்டால் பழைய தெளிவு வராது.

வீட்டில் கைக்கு அகப்படுகிறவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மஞ்சளும் சுண்ணாம்பும்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடிநோய்க்குப் பூசுகிற முறை தமிழ்நாட்டுப் பால் மாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே பரப்பிய மரபு மூலிகை முறை அது. ஆனால், அது மடியின் தோலுக்கு. அதே கலவை, அதே கை, கண்ணுக்குப் போகவே கூடாது. கண்ணில் விழும் பொருள்களில் மிக மோசமானவற்றில் ஒன்று சுண்ணாம்பு. காரம் என்பதால், அமிலத்தைவிட ஆழமாக உள்ளே இறங்கி எரிக்கும். கொட்டகைத் தரையில் சுண்ணாம்புத் தூள் தூவுகிறவர்களும் குட்டிகள் இல்லாத நேரத்தில் தூவி, பெருக்கி எடுத்த பிறகே குட்டிகளை விட வேண்டும்.

எருக்கம்பால், கள்ளிப்பால்: எருக்கம்பால் விழுந்தால் சில சமயம் வலியே தெரியாது. ‘எரிச்சல் இல்லையே, நல்ல மருந்து’ என்று தோன்றும். உண்மையில் அது கருவிழியின் உள் அடுக்கைக் கெடுத்து, கண்ணை மங்கவைக்கிறது. மனிதர்களிலேயே இப்படிப் பல நோயாளிகளைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கள்ளிப்பால் கண்ணுக்குள் கடும் அழற்சியை உண்டாக்கும்.

தேன்: தேனுக்குக் கிருமி எதிர்ப்புச் சக்தி உண்டு. புண்ணுக்குப் போடும் மருத்துவத் தேன் உலகெங்கும் விற்பனையில் இருக்கிறது. அது காமா கதிரால் சுத்திகரித்த தேன். அடையில் இருந்து பிழிந்த தேனில் ஆபத்தான கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் அதனால்தான். புண்ணான கண்ணுக்குப் பாட்டில் தேன் வேண்டாம்.

வெற்றிலை, புகையிலை மென்று துப்புவது: சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. நம் வாயில் உள்ள பாக்டீரியாவைக் குட்டியின் புண்ணில் விதைப்பதைத் தவிர, இதில் நிச்சயமான பலன் எதுவும் இல்லை. புகையிலைச் சாற்றின் எரிச்சல் கூடுதல்.

வெங்காயம், எலுமிச்சை, உப்புக்கல்: எரிச்சலால் கண்ணீர் கொட்டும். அந்தக் கண்ணீர் கொஞ்சம் அழுக்கைக் கழுவும். அதற்காக வலிக்கிற கண்ணை இன்னும் வலிக்கவைக்க வேண்டியதில்லை.

‘எங்க தாத்தா காலத்துல இருந்து போடுறோம், சரியாயிருதே!’ என்று அண்ணாச்சிமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில், நோயின் போக்கில் இருக்கிறது. லேசான கண் நோய் வந்த ஆடுகளில் பல, எதுவுமே போடாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே தேறிவிடும். அந்த மூன்று வாரத்தில் எந்த இலையைப் பிழிந்திருந்தாலும் பேர் அந்த இலைக்குத்தான் போகும். தேறாமல் கண் போன குட்டிக்கோ, ‘அதுக்கு விதி அப்படி’ என்று முடித்துவிடுவோம். இலை மேல் பழி வருவதே இல்லை.

நிஜமான இயற்கை மருந்து

இயற்கையில் கிருமிநாசினியே இல்லையா என்றால், இருக்கிறது. குட்டியின் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கை எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சில வருடம் முன்பு, 1922-ல் அவர் இன்னொரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். உடலின் சுரப்புகளில் பாக்டீரியாவை உடைக்கும் ஒரு பொருள் இருக்கிறது என்றார். அதன் பெயர் லைசோசைம். அதைச் சோதிக்கத் தம்மோடு வேலை பார்த்தவர்களின் கண்ணில் எலுமிச்சையைப் பிழிந்து கண்ணீர் சேகரித்தார் மனிதர்! கண்ணீரில் இதோடு லாக்டோஃபெரின் போன்ற வேறு காவலர்களும் உண்டு. எந்த விலங்குக்கு எது எவ்வளவு என்பது மாறும். வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு இமைப்பிலும் கழுவு, கொல்லு, வெளியே தள்ளு.

அப்படியென்றால் நாம் செய்ய வேண்டியது, கண்ணீரின் வேலையைச் சுலபமாக்குவது. அது கெடுகிற இடங்கள் மூன்று. பீளை காய்ந்து இமை ஒட்டிக்கொண்டால் கண்ணீர் ஓடாது. ஈ மொய்த்தால் புதுக் கிருமி வந்துகொண்டே இருக்கும். தாய்க்குப் பச்சைத் தீவனம் இல்லாவிட்டால் சீம்பாலில் வைட்டமின் ஏ குறைந்து, குட்டியின் கண்ணின் மேல்தோல் பலம் இழக்கும்.

மூன்றுக்கும் மருந்து வீட்டிலேயே இருக்கிறது. சினை ஆட்டுக்கு அகத்தி, முருங்கை போன்ற பச்சைத் தழை. பட்டியில் ஈரமில்லாத தரை, தினமும் புழுக்கை அள்ளுவது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால், குட்டியின் கண்ணைக் காப்பாற்றும் இயற்கை வைத்தியம் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. ஈ விரட்ட வேப்பிலை, நொச்சி போட்டு மூட்டம் போடுவது நல்ல பழக்கம்தான். குட்டி அடைத்த இடத்துக்குள் புகை சூழும்படி போட்டால், ஏற்கெனவே சிவந்த கண் இன்னும் கெடும். காற்று வீசும் திசையைப் பார்த்துத் தள்ளிப் போடுங்கள்.

முதல் நாளே செய்ய வேண்டியவை

* கண் ஒட்டிய குட்டியை மற்ற குட்டிகளிடம் இருந்து பிரித்து, தாயோடு நிழலில் தனியாகக் கட்டுங்கள். வெயில் அந்தக் கண்ணுக்குக் கூசும்.

* ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் உப்பு போட்டு ஆறவிடுங்கள். அளவு பார்க்க வசதி இல்லையென்றால், மருந்துக்கடையில் நார்மல் சலைன் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை.

* சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்தில் இருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. ஒரு கண்ணுக்குப் போட்டதை அடுத்த கண்ணுக்குப் போடாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை.

* நல்ல குட்டிகளை முதலில் கவனித்துவிட்டு, நோய்க் குட்டியிடம் கடைசியாகப் போங்கள். பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமிகளில் சில மனிதக் கண்ணையும் பதம் பார்க்கும்.

* இமை சுருண்டிருக்கிறதா, முள் இருக்கிறதா, தொப்புள் ஈரமாக வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

* வீட்டில் மிச்சம் இருக்கும் மனிதக் கண் மருந்தை ஊற்றாதீர்கள். அதிலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, கருவிழியில் புண் இருந்தால் அதைக் கிடுகிடுவென்று ஆழமாக்கிவிடும். புண் இருக்கிறதா என்று மருத்துவர் ஒரு சொட்டு சாயம் விட்டுப் பார்ப்பார். புண் இருக்கும் இடம் பச்சையாக மின்னும். அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடவே கூடாது.

* வெள்ளைப் படலம் தெரிந்தாலோ, இரண்டு கண்ணும் பாதித்தாலோ, குட்டி பால் குடிக்காவிட்டாலோ, ஒரு நாள் கழுவியும் குறையாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக் களிம்பில் அடங்கிவிடும் நோய் இது. அரசு கால்நடை மருந்தகத்துக்குக் குட்டியைத் தூக்கிப் போங்கள். போக வழியில்லை என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது.

ஆடு வளர்க்காதவர்களுக்கும்

‘எங்க வீட்ல ஆடு இல்லையே’ என்று இதுவரை பொறுமையாகப் படித்தவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் கண்ணுக்கும் இதே கதைதான்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பார்வையற்ற குழந்தைகள் பலருக்குக் காரணம், பிறக்கும்போது தொற்றிய கண் நோய். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர் 1880-ல் பிறந்த குழந்தைகளின் கண்ணைச் சுத்தம் செய்து, ஆளுக்கு ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசல் விட ஆரம்பித்தார். பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த நோய், நூற்றில் ஒன்றுக்கும் கீழே போனது. அந்தச் சொட்டின் அளவையும் அடர்த்தியையும் அவர் கணக்குப் பார்த்தே முடிவு செய்தார். கண்ணுக்கு எதுவும் ‘கொஞ்சம் போல’ ஊற்றக் கூடாது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

நம் பக்கத்தில் நடந்ததையும் பாருங்கள். 1994-ல் ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர் என்று ஓர் ஆய்வு பதிவு செய்தது. அவர்களில் நூற்றுக்கு 65 பேருக்குக் கண்ணில் ஏதோ ஒரு காயத்தில் தொடங்கியது அது. பெரும்பாலும் வயலிலும் வேலையிலும் பட்ட சின்னக் காயம். பிறகு மதுரை மாவட்டக் கிராமங்களில், கண்ணில் சிராய்ப்பு பட்டவர்களுக்கு ஊரிலேயே உடனடியாகக் களிம்பு போட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் புண்ணாகாமல் ஆறிவிட்டது. முதல் இரண்டு நாள் என்ன செய்கிறோம் என்பதில்தான் பார்வையே இருக்கிறது.

இந்தியாவில் டிரக்கோமா என்ற கண் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகப் பார்வையைப் பறித்த நோய் அது. அதற்குக் காரணமும் கிளமிடியா குடும்பத்துக் கிருமிதான். அதைச் சுமந்ததும் ஈதான். அதை ஒழிக்க உலகம் கையில் எடுத்தவை ஆன்டிபயாடிக், அறுவை சிகிச்சை, முகம் கழுவுவது, சுற்றுப்புறச் சுத்தம். மருந்து ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து அது நடக்கவில்லை.

கடைசியாக, செல்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. குட்டிக்குக் கண் சரியில்லை என்று தோன்றினால், தினமும் காலையில் நிழலில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், இரண்டு கண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பூ விரிகிறதா, சுருங்குகிறதா என்பது அந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மருத்துவர் ‘எத்தனை நாளா இப்படி இருக்கு?’ என்று கேட்கும்போது யோசித்துக்கொண்டு நிற்காமல், போனை நீட்டிவிடலாம்.